ஒரே மடக்கு

நீங்கள் இங்கிலீஷ் வாத்தியார்தானே? இல்லை என்று சொல்லாதீர்கள். பெருந்துறையில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன். மடியில் பரீட்சைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா, பஸ் இந்தக் குலுக்குக் குலுக்கினாலும் மார்க்கைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். குறையுங்கள். நான் தடுக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கல்ப்.

ஆமாம் சார், கல்ப். ஜி, யு, எல், பி. எழுத்து தெரியும். அர்த்தமும் தெரியும். இருந்தாலும் நீங்கள் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பார்க்கிறேன். ஒரே கடையில் விசாரித்துவிட்டு நம்புகிற ஆள் நான் இல்லை.

வேகமாக விழுங்குவது. ம். டீ, காபி, தண்ணீர். சோற்றுக்கும் சொல்லலாமா, அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டால்? சொல்லலாம். மூச்சுக்குமா? கிணற்றில் முங்கி எழுந்தவன் வாயைத் திறந்து காற்றை இழுப்பானே, அதற்குமா? பாருங்கள், இதை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரெண்டாவது கடையில் கேட்டால் கூடுதலாகக் கிடைக்கிறது.

திட்டுகிற வார்த்தை இல்லையே? நாகரிகம் தெரியாதவன், காட்டான், அப்படி ஏதாவது உள்ளே இருக்கிறதா? இல்லை. குடிக்கிற விதம், அவ்வளவுதான். அவ்வளவுதானே? அதைத்தான் நானும் சொல்கிறேன். குடிக்கிற விதம்! அதற்காக என் மகள் என்னை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. ஒரு டம்ளர் காபி சார். ஒரு டம்ளர் காபிக்காகப் பெற்ற அப்பனை வேண்டாம் என்று போன பெண்ணை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா?

என் பெயர் அர்த்தநாரி. சங்ககிரியில் லாரி புரோக்கர் அர்த்தநாரி என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே கை காட்டுவார்கள். பழைய லாரி வாங்க, விற்க, கைமாற்ற எல்லாவற்றுக்கும் நான்தான். படிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து கிளீனராக வண்டியில் ஏறினவன். கிளீனர் டீ குடித்தானா என்று எந்த டிரைவராவது பார்த்திருக்கிறானா? டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கண்ணாடி துடைத்து, டயர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, என் டீயை நான் கையில் வாங்கும்போது வண்டி நகர ஆரம்பித்திருக்கும். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கு. டம்ளரை மேஜைமேல் வீசிவிட்டு ஓடிப் போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். முதலில் நாக்கு வெந்து உப்பு உறைப்பு தெரியாமல் கிடந்தேன். பிறகு வாய்க்குள் மரத்துப்போனது. இன்றைக்கும் அடுப்பிலிருந்து இறக்கின காபியைக் கொடுங்கள், நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் டம்ளர் காலி. இது பழக்கம். ஒரு மனுஷனின் பழக்கத்தை வைத்து அவனைக் குற்றவாளியாக்கலாமா?

கண்டக்டர்! ஏனுங், அந்தக் கதவைச் சாத்துங், காத்து மூஞ்சில அடிக்குது. ஒரு தரம் சொன்னால் காதில் விழுவதில்லை இவர்களுக்கு.

எங்கே விட்டேன்? பழக்கம். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நான் தொழிலே செய்தேன் சார். எங்கள் லாரி ஷெட் பக்கம் ஒரு முறை உண்டு. விற்பவன் ஒரு பக்கம், வாங்குபவன் ஒரு பக்கம், நடுவில் புரோக்கர். பேச்சு ஆரம்பிக்கும்போதே டீ வந்துவிடும். ஆனால் விலை படியாமல் விற்பவனும் வாங்குபவனும் டம்ளரைத் தொட மாட்டார்கள். ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். புரோக்கர் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் வாயைத் திறப்பவனோடு ஷெட்டில் ஒருத்தனும் வண்டி பேச மாட்டான். ‘டம்ளரைக் கவுத்தாச்சு’ என்போம். எழுத்து, கையெழுத்தெல்லாம் அதற்கப்புறம்தான்.

மற்ற புரோக்கர்கள் எல்லாம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் ஒருத்தன், ‘இல்லீங், ஸ்டெப்னி டயரப் பத்திப் பேசலையே’ என்று இழுப்பான். பேரம் நாசம். நான் அப்படியில்லை. ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருத்தன் தளர்ந்திருப்பான், இன்னொருத்தன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுப்பான். கேட்பதற்குள் டம்ளரைக் கவிழ்த்துவிடுவேன். ஒரே மடக்கு. கேட்க வந்தவன் கேட்க வந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எந்த நொடியில் குடிப்பது என்பதில்தான் சூட்சுமம். என்னை மாதிரி நேரம் பார்த்துக் குடிக்கிறவன் சேலம் ஜில்லாவில் கிடையாது.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். பிரவீணா. ஒரே பெண். ஈரோட்டில் இங்கிலீஷில் எம்.ஏ. படித்தாள். படித்துவிட்டு வந்து, வாடகைக்கு விட வைத்திருந்த என் மாடி போர்ஷனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை அப்பன் விடுவான்? சாயங்காலமானால் நர்ஸிங் படிக்கிற பெண்கள், நூல் மில்லுக்குப் போகிற பெண்கள், கத்தாருக்குப் போகத் துடிக்கிற ஒரு வெல்டர், எதிர்வீட்டு லாரி ஓனர் சம்சாரம் எல்லாம் செருப்பைப் படியில் கழற்றிப் போட்டுவிட்டு மேலே போய், ‘ஐ கோ, ஐ வென்ட்’ என்று கத்துவார்கள். செருப்பைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போக வேண்டும். பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் வரன் வந்தது. குமாரபாளையம் சாமியப்பன். ட்ரெய்லர் வண்டிகள் மட்டுமே ஒரு மைதானம் நிறைய நிற்கும். அவர் மகன் ஹரிபிரசாத். பையன் தங்கமான பையன். இவளுக்கும் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, இவளே என்னிடம் வந்து சொன்னாள்.

“அப்பா, மாப்பிள்ளை எனக்குச் சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க பேசி முடிச்சுக் குடுத்துருங்க.”

“என்ன கண்ணு, சொல்லு.”

“கல்யாணத்துக்குப் பொறவும் நான் கிளாஸ் எடுப்பேன். இங்க இல்லாட்டி அங்க. அத மொதல்லயே பேசிருங்க. பொறவு பாத்துக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம்.”

“இதெல்லாம் ஒரு பேச்சா? உங்கப்பன் எத்தன வண்டி பேசி முடிச்சவன்!”

“அதனாலதாம்ப்பா உங்ககிட்ட சொல்றேன். ஊருக்கெல்லாம் பேசறீங்க. எனக்காக இந்த ஒரு பேரம் பேசுங்க.”

சார், உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எம்.ஏ. படித்த பெண், என் தொழிலை நம்பி என்னிடம் வந்து நிற்கிறாள். அதுவரை என் தொழிலைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அவளுக்கு ஷெட் வழக்கமெல்லாம் தெரியும். சாமியப்பன் வீட்டாரும் லாரிக்காரர்கள் என்பதும் தெரியும். அதனால் எனக்குக் கிளாஸ் எடுத்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து, எனக்கு! என் சம்சாரம் தங்கமணி அடுப்படியிலிருந்து வேடிக்கை பார்க்கிறாள்.

“இதப் பாருங்கப்பா. இது சிப். கொஞ்சூண்டு உறிஞ்சி, டம்ளரக் கீழ வெச்சுரோணும். நீங்க பண்றது கல்ப். பேச்சு முடியற வரைக்கும் உங்க டம்ளர்ல காபி இருக்கோணும். நீங்க காலி பண்ணீட்டா அவங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுருவாங்க. அப்பறம் கிளாஸ் பேச்ச எடுக்கவே முடியாது. எங்க, சிப் பண்ணுங்க.”

நானும் உதட்டைக் குவித்துக்கொண்டு உறிஞ்சினேன். தங்கமணி சிரிக்கிறாள். “கோழி தண்ணி குடிக்கறாட்ட இருக்குது” என்கிறாள். “நீ சும்மா இரு புள்ள” என்று ஒரு சத்தம் போட்டேன். மகள் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா” என்றாள். அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நான் குடித்து முடிப்பதற்குள் சாமியறையில் ஏற்றின விளக்கே அணைந்துவிட்டது. அப்படிப் பழகினேன். உறிஞ்சு என்றால் உறிஞ்சினேன், கீழே வை என்றால் வைத்தேன். அவளுக்காகச் செய்தேன்.

வந்தார்கள். சாமியப்பன், அவர் சம்சாரம், ஒரு பெரியப்பா, பையன். கூடம் நிறைய ஆள். பிரவீணாதான் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டாள். நின்று என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சூண்டு உறிஞ்சி, டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நகை பேசவில்லை, சீர் பேசவில்லை, அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபம் முதற்கொண்டு பேசியாயிற்று. நான் ரெண்டாம் தரம் உறிஞ்சிக் கீழே வைத்தேன். அப்போது சாமியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு சொல்கிறார்:

“ஒண்ணே ஒண்ணுங்க. புள்ள கிளாஸ் கிளாஸுன்னு எடுக்குதாமா. எங்கூட்டுக்கு வந்தா அதெல்லாம் வேண்டாம். எங்கூட்டுப் பொம்பளைங்க சம்பாதிச்சு நாங்க சோறு திங்கோணுமா? ஊட்டப் பாத்துட்டு ராணியாட்ட இருக்கட்டும்.”

இதுதான் நான் பேச வேண்டிய இடம். எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தேன் சார். சத்தியமாகத் திறந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தேன். நான் திறக்கிற நேரம் பார்த்து அவர் மறுபடியும் பேசுகிறார்.

“அப்பறம் சம்மந்தி, இந்த வருசம் பழைய ட்ரெய்லரையெல்லாம் கழிச்சுக் கட்டறோம். ஈரோட்டுப் புரோக்கர் ஒருத்தன் தெனமும் வந்து நிக்கறான். நம்ம மனுசர் ஒருத்தர் இருக்கறப்ப வெளியாளுக்கு எதுக்குங்க குடுக்கோணும்? அதும் நீங்களே பாத்துக்கங்க.”

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நடந்த பேச்சை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டுமே என்றுதான். இதற்கும் காபிக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. காலையிலிருந்து பம்பரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தவன், வெறும் வயிறு. காபி வேறு ஆறிப்போகிற மாதிரி இருந்தது. கை தானாகப் போனது. எடுத்தேன், குடித்தேன். கிளீனராக இருந்த நாள் முதல் குடித்த மாதிரி குடித்தேன். அவ்வளவுதான்!

சாமியப்பன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார் பாருங்கள். “அப்பறமென்ன! அர்த்தநாரி டம்ளரக் கவுத்துட்டாரு! எல்லாரும் குடிங்கப்பா, முடிஞ்சுது!” எல்லாரும் குடித்தார்கள். பெரியப்பா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் கதவோரம் பார்த்தேன். பிரவீணா அப்படியே நின்றாள். அவள் கையில் டம்ளர் இல்லை, வாயில் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்டை மட்டும் ஒரு தரம் ஏறி இறங்கியது. எதையோ விழுங்குகிற மாதிரி. அழவில்லை.

என்ன சார்? அதற்கும் அதே வார்த்தைதானா? வாயில் ஒன்றும் இல்லாமலே, பயத்தில் விழுங்கினாலும் கல்ப்தானா? துக்கத்திலுமா?

ம்.

சரி, நீங்கள் தாளைத் திருத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திருத்துங்கள்.

பயம் என்ன பயம் அவளுக்கு? புலி வாயிலா கொண்டுபோய்க் கொடுத்தேன்? அவர்கள் காரில் ஏறிப் போனதும் என் முன்னால் வந்து நின்றாள்.

“பேசறேன்னு சொன்னீங்கப்பா.”

“மொதல்ல கல்யாணம் ஆவட்டும் கண்ணு. பொறவு மெதுவாப் பேசிக்கலாம். அவிங்க நல்ல மனுசங்க.”

“வண்டிய ஓட்டிட்டுப் போனதுக்கப்பறம் வெல பேசுவீங்களா நீங்க?”

சார், நான் ஷெட்டில் இருபது பேருக்கு நடுவில் கத்துகிறவன். அன்றைக்கு என் வீட்டில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. தங்கமணிக்கு ஞாபகம் இருக்கும், அவள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வாள். மகள், “உங்களுக்கு அது பழக்கம்னு மட்டும் சொல்லாதீங்கப்பா” என்றாள். போய்ப் படுத்துவிட்டாள். பழக்கம் இல்லாமல் வேறென்ன? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறேன். படி நிறையச் செருப்பு. மேலே ஒரே சத்தம். கும்பலாகச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு லாரி ஓனரின் மாமியார் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து, “ஏனுங் தம்பி, மேல உங்களப் பத்தித்தான் படிக்கறாங்களாட்ட இருக்குது. பாதர் பாதர்ங்குது” என்கிறாள். காதைத் தீட்டிக் கேட்டேன்.

‘மை ஃபாதர் கல்ப்ட் த காஃபி. மை ஃபாதர் கல்ப்ட் த காஃபி.’

என் வீட்டு மாடி! என் கூரைக்குக் கீழே! நர்ஸிங் பெண்கள், மில் பெண்கள், அந்த வெல்டர், எல்லாரும் சேர்ந்து என்னைப் பற்றித் தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேலே போனேன். பலகையில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். ‘த பாய் கல்ப்ட் த வாட்டர்’ என்று ஒன்று, ‘ஷீ கல்ப்ட்’ என்று ஒன்று, நடுவில் நான். தோளில் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்தேன். துடைத்தும் ஆத்திரம் அடங்கவில்லை, பலகையையே கழற்றிக் கீழே போட்டேன். “எல்லாரும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போங்க. இன்னைல இருந்து கிளாஸ் கிடையாது.” வெல்டர் என்னமோ சொல்ல வந்தான், “நீ கத்தாருக்கு நடந்தே போடா” என்றேன். அறையைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பூட்டினது தப்பா? சாமியப்பன் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பேசி முடித்த சம்பந்தம். எப்படியும் நிறுத்த வேண்டிய கிளாஸ்தானே, ரெண்டு மாதம் முன்னாலேயே நிறுத்தினால் என்ன?

அவள் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கீழே விழுந்த பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். ரெண்டு நாள் கழித்துக் கோயமுத்தூர் போய்விட்டாள். கூடப் படித்தவள் ஒருத்தி பீளமேட்டில் இருக்கிறாளாம். போகும்போது, “அந்தக் கல்யாணத்த நிறுத்தறேன், சாமியப்பன் மாமாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லீட்டேன்” என்றாள். சொல்லியும் விட்டாள். பெண் பிள்ளை, அவரிடம் நேராகப் பேசியிருக்கிறாள். “மாமா, அப்பா டம்ளரக் கவுத்தது அவருக்காக. எனக்காக இல்லீங்க” என்று சொன்னாளாம். அவரே ஆள் வைத்து எனக்குச் சொல்லி அனுப்பினார்.

அதோடு முடிந்ததா? ட்ரெய்லர் அத்தனையும் ஈரோட்டுக்காரன் கைக்குப் போனது. அது போகட்டும். அதற்கு நான் கவலைப்படவில்லை. ஷெட்டில் என் பெயர் போனது பாருங்கள். இப்போதெல்லாம் நான் டீ டம்ளரைத் தொட்டால் சின்னப் பயல்கள் கண்ணடித்துக்கொள்கிறார்கள். “அண்ணா, பாத்துக் குடிங்க, யாரு கல்யாணமாச்சும் முடிஞ்சுரப் போவுது” என்கிறான் ஒருத்தன். நான் கைதூக்கிவிட்ட பயல்! பேரம் பேச வருகிறவர்கள் என்னோடு உட்கார்வதற்கு முன்னால், “எதுக்கும் டீ கடைசில வரட்டும்” என்கிறார்கள். எத்தனை வருஷம் கட்டி வைத்த பெயர். ஒரு வார்த்தையில் போனது. அதுவும் இங்கிலீஷ் வார்த்தை.

மாடியா? டயர்க் கடைக்காரனுக்குக் கோடவுனாக விட்டுவிட்டேன். ரப்பர் வாசம் வீடு பூராவும் அடிக்கிறது. தங்கமணி ஜன்னலைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். அவள் ரெண்டு வருஷமாக, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டு மகளைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு. போன வாரம் அதையும் மறைக்காமல், பெட்டியைக் கட்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். “அவ தனியாக் கிளாஸ் போட்டிருக்கறா. கூட இருந்து சோறாக்கிப் போடப் போறேன். வந்தா வாங்க. பேரம் பேசறதா இருந்தா வராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சோறாக்குவது யார் என்று கேட்க ஆள் இல்லை.

அதனால்தான் இன்றைக்கு நானே போகிறேன். வெறுங்கையோடு போகவில்லை சார். ஒரு வரன் கொண்டு போகிறேன். ராசிபுரம் பக்கம். பையன் என்ஜினீயர். அவர்களும் முதலில் கிளாஸ் கூடாது என்றுதான் சொன்னார்கள். நான் விடவில்லையே! உட்கார்ந்து, பேசி, இழுத்து, கடைசியில் கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு வருஷம் கிளாஸ் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கொண்டுவந்துவிட்டேன். இல்லவே இல்லை என்றவர்களை ரெண்டு வருஷத்துக்குக் கொண்டுவருவது என்ன லேசா? அன்றைக்கு அவள் கேட்டதை இன்றைக்கு முடித்துக் கொடுக்கிறேன். இதைவிட ஒரு அப்பன் என்ன செய்ய முடியும்?

அவளைக் கேட்டீர்களா என்கிறீர்களா? கேட்டுவிட்டுப் போனால் பேரம் எப்படிப் பேசுவது? அவள் ஒன்று சொல்வாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஆமாம், அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பையனின் சித்தப்பா லாரி பைனான்ஸ் வைத்திருக்கிறார். தவணை கட்டாதவர்களிடம் பிடித்த வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கிறது. அது வேறு விஷயம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரு உபகாரம் செய்யுங்கள். உங்கள் போனைக் கொடுங்கள். என் நம்பர் என்றால் அவள் எடுக்க மாட்டாள். எந்த நேரத்தில் அடித்தாலும் பிஸி என்றே வருகிறது. கிளாஸ் நோட்டீஸில் போட்டிருக்கிற நம்பர், எனக்கு மனப்பாடம். ஒரே நிமிஷம். இப்போதே சொல்லிவிட்டால் நான் போய் இறங்கும்போது கோபம் தணிந்திருக்கும்.

அடிக்கிறது.

…

எடுத்தாள் சார். பேசினாள். “வணக்கம், சொல்லுங்க. கிளாஸ் விசாரிக்கறீங்களாங்க?” என்றாள். ‘ங்க’ போட்டு. “உங்களுக்குங்களா, குழந்தைங்களுக்குங்களா?” என்றாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கமணி மாதிரி இருந்தது. “ஹலோ, கேக்குதுங்களா? மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்லை” என்றாள். என்னிடம் அவள் இவ்வளவு பதமாகப் பேசி ரெண்டு வருஷமாகிறது.

நான் பேசவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறக்கக் கூடாது சார். அவள் வைத்துவிட்டாள்.

பாருங்கள், பாருங்கள், திருப்பி அடிக்கிறாள்! அவள் நம்பர்தான். கிளாஸுக்கு ஆள் என்று நினைத்துவிட்டாள். இந்தாருங்கள், நீங்கள் எடுங்கள். நான் இல்லை, நீங்கள். என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். நீங்கள் வாத்தியார், உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பாள். நடுவில் ஒரு ஆள் இருந்தால்தான் எதுவும் படியும். எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ரெண்டு வருஷம் என்று ஆரம்பியுங்கள். அவள் பிடிவாதம் பிடித்தால் மூன்று வரைக்கும் போகலாம். மூன்று என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

என்ன? மன்னிப்பா? நானா?

கேட்கலாம். கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மடியிலேயே வைத்திருங்கள். எடுத்த எடுப்பில் கொடுத்துவிட்டால் அப்புறம் கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கும்? எல்லாம் சொல்லிப் பார்த்து, எதற்கும் அவள் இறங்கி வரவில்லை என்றால், கடைசியில், அதுவும் முழுசாக வேண்டாம், ‘உங்கப்பாவுக்கும் வருத்தம்தான்’ என்ற அளவில்… எடுங்கள் சார். எடுக்கலாம், இப்போது எடுக்கலாம்.

நின்றுவிட்டது.

நின்றால் என்ன? மறுபடியும் அடிப்பாள். வண்டி வேண்டும் என்பவன் ரெண்டாம் தரம் வருவான். நீங்கள் போனைக் கையிலேயே வைத்திருங்கள். இல்லை, என்னிடமே இருக்கட்டும்.

விசில் கொடுக்கிறானே, எந்த ஊர் இது? கருமத்தம்பட்டியா? இங்கேயா இறங்க வேண்டும் நீங்கள்? இருங்கள் சார், தாளைக் கட்டாதீர்கள். அடுத்தது நீலாம்பூர், அங்கே இறங்கி எதிர் பஸ் பிடித்தால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம். பீளமேடு வரைக்கும் வாருங்கள் என்று நான் கேட்கவில்லையே. ஒரு ஸ்டாப். தருகிறேன் சார், போனைத் தருகிறேன், அவள் அடித்ததும் தருகிறேன். ஒரே ஒரு ஸ்டாப் உட்காருங்கள்.